நடு பெஞ்சுக் கட்சியும் கோரிமேடு எல்லையும்

பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்குக் கதிரவன் சார் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். பொருளியல் எடுப்பவர், வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், சுபாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு வீட்டுக்கு அனுப்பிச்சிட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"கிளாஸ்ல இல்ல. அவ மட்டுமில்ல, மாணவர் மன்றத்துப் பசங்க அஞ்சு பேருமே இல்ல. மதியம் சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் யாரும் பார்க்கலையாம்."

சுபா என் மகள். நான் வரலாறு எடுத்த அதே திண்டிவனத்துப் பள்ளியில், என் வகுப்பிலேயே பிளஸ் டூ படித்தாள். இதெல்லாம் நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அவள் விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். சாயங்காலம் அவளுடைய போன் பத்து நிமிடம் தாமதமானால் இன்றும் நான் வாசலில் போய் நின்றுவிடுகிறேன். தொண்டையில் கட்டி வந்து டாக்டர் இனிமேல் சத்தமாகப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால், நான் விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன மாதம் கதிரவன் சார் வந்திருந்தார். என் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சருக்கு ஒரு பாடம் பிடிபடவே இல்லையாம்.

"அந்த ரஷ்யா பாடம் டீச்சர். ராஜாவும் புரட்சிக்காரங்களும் பசங்களுக்குப் புரியுது. நடுவுல இருந்த கட்சிங்கதான் புரியல. நீங்க நாடகம் மாதிரி நடத்துவீங்களே, அத எழுதிக் குடுங்க. நடந்ததையும் எழுதுங்க."

அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போதுகூட அந்த இரண்டே முக்கால் மணியிலிருந்துதான் தொடங்க வருகிறது.

பி.எட். முடித்து, விழுப்புரத்தில் ரயில்வே காலனிக்குப் பக்கத்துப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புத்தகத்தை வாசித்தேன், அடிக்கோடு போடச் சொன்னேன். அந்த ரஷ்யா பாடத்தில், நாட்டில் கிளர்ச்சி முற்றி மன்னர் நடுங்கிப் போகிறார். மக்கள் சபை ஒன்றுக்குச் சம்மதிக்கிறார். "இது போதும், இதை வைத்து மெதுவாக மேலே போகலாம்" என்றது ஒரு கட்சி. "போதாது, அமைச்சர்கள் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் எல்லாம் சட்டப்படிதான்" என்றது இன்னொரு கட்சி. இரண்டுமே கல் எறியாத கட்சிகள். இந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் என்பதைத் தவிர எனக்கும் அவர்களைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை.

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து அன்பு என்ற பையன் எழுந்தான். அவன் அப்பா ரயில்வேயில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்.

"மிஸ், எங்க அப்பா தெனமும் இதத்தான் பண்ணிக்கினு கீறாரு. ஆபீசர் ரூமுக்குப் போனா யூனியன்காரன் வந்துட்டான்றாங்க. வெளியில வந்தா ஆபீசரோட ஆளு வந்துட்டான்றாங்க. ரெண்டு பக்கமும் பேஜாரு மிஸ்."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "அப்ப ஏன்டா உங்கப்பா போறாரு?" என்று பக்கத்துப் பையன் சீண்டினான். "யாராவது உள்ள போயி பேசணும்ல. நீ போறியா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன். அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பாடத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடத்தினேன்.

முறை இதுதான். பெஞ்சுகளை மூன்று பக்கமாகப் பிரித்துப் போட வேண்டும். வலது பக்கம் மன்னரின் ஆட்கள். இடது பக்கம், மன்னரே வேண்டாம் என்று கத்துகிறவர்கள். நடுவில் இரண்டே பெஞ்சு: முதலாவது 'போதும்' கட்சி, இரண்டாவது 'இன்னும்' கட்சி. பெயர் வைத்தது பிள்ளைகள்தான். ஆசிரியர் நாற்காலியில் மன்னர் உட்கார்வார், அவர் கையில் மட்டும் ஒரு மணி. நடு பெஞ்சுக்காரர்கள் எந்தக் கோரிக்கையையும் எழுந்து நின்று, வணக்கம் சொல்லி, வேண்டுகோளாகத்தான் வைக்க வேண்டும். மன்னர் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். இது நிஜ வரலாற்றில் இல்லாத விதி, நான் சேர்த்தது. எந்த மன்னரும் அப்படிக் கேட்டதில்லை என்பது தெரியும். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று சேர்த்தேன்.

கடினமான விதி அடுத்தது. ஒவ்வொரு முறை மன்னரிடம் பேசிய பிறகும் நடு பெஞ்சுக்காரர் இடது பக்கம் போய், கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று சொல்ல வேண்டும். அங்கே விழும் திட்டுகளை வாங்கிக்கொள்ள வேண்டும். கையை ஓங்கக் கூடாது, அழக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. பாடமே அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் மன்னர் மணி அடிப்பார். சபை கலைந்துவிட்டது என்று அர்த்தம். நிஜத்தில் அந்த முதல் சபை மூன்று மாதம்கூட ஓடவில்லை. கலைத்ததும் நடு பெஞ்சுக்காரர்களில் பலர் எல்லை தாண்டி, அதே மன்னருக்குக் கீழே என்றாலும் சற்றே வேறு சட்டம் நடந்த பக்கத்துப் பகுதிக்குப் போனார்கள். வரி கட்டாதீர்கள், பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பாதீர்கள் என்று மக்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார்கள். மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வகுப்பில் எல்லை என்பது வராந்தா. மணி அடித்ததும் வராந்தாவைத் தாண்டி வேதியியல் ஆய்வகத்து வாசலில் போய் நின்று வேண்டுகோளை வாசிக்க வேண்டும். வகுப்பு கைகொட்டிச் சிரிக்கும். பாடம் முடியும்.

இப்படிப் பல ஆண்டுகள் நடந்தது. திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்த பிறகும் நடத்தினேன்.

திண்டிவனத்தில் எங்கள் தலைமை ஆசிரியர் தணிகாசலம் சார். அவரிடம் யார் போய் எதைச் சொன்னாலும் தலையை நிமிர்த்த மாட்டார். எழுதிக்கொண்டிருக்கும் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்பார், அல்லது கேட்பதுபோல் இருப்பார். முடிந்ததும் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "வச்சிட்டுப் போங்க" என்பார். மனுவை மேசையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். அங்கே உள்ளே நீலப்பூ தெரியும் கண்ணாடிக் குண்டு ஒன்று இருக்கும். மனுவின் மேல் அதைத் தூக்கி வைப்பார். அதற்குப் பிறகு அந்த மனுவைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒரு காலத்தில் அவர் நடைபாதையில் வந்தால் பள்ளியே மூச்சை அடக்கிக்கொள்ளுமாம். நான் பார்த்தபோது அது கரைந்துகொண்டிருந்தது. ஆசிரியர்கள் லீவை வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் தாண்டிப் போன பிறகு பையன்கள் அவர் நடையைப் போலவே நடந்து காட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறவர். எல்லாம் கைவிட்டுப் போகப் போகத்தான் இறுக்கம் அதிகமானது. பிளஸ் டூ சிறப்பு வகுப்பை மாலை ஆறரை வரை நீட்டினார், நடுவில் இடைவேளை இல்லாமல்.

அங்கேதான் பத்மாவின் பிரச்சினை வந்தது. பத்மா செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் வைக்கும் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் அடுப்பும் எரியாது, யாரும் வாயில் ஒன்றும் போட மாட்டார்கள். ஆறரைக்கு வகுப்பு விட்டு, பஸ் பிடித்து அவள் ஊர் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிடும். ஆக, மதியம் சாப்பிட்டால் அடுத்த நாள் காலையில்தான். ஒரு திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழுந்தாள். அவள் அம்மா வந்து, "படிப்பு போதும்ங்க டீச்சர், புள்ள உசுரு முக்கியம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தணிகாசலம் சாரிடம் போனேன்.

"சார், அஞ்சு மணிக்கு ஒரு பதினஞ்சு நிமிஷம் பிரேக் விட்டா போதும். பத்மா டிபன் பாக்ஸ் கொண்டாந்து சாப்ட்டுக்கும்."

"விட்டா பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுவான். போனவன் திரும்பி வருவானா? வச்சிட்டுப் போங்கம்மா."

வைத்துவிட்டு வந்தேன். நீலப்பூ அதன் மேல் உட்கார்ந்தது.

அந்த ஆண்டு மாணவர் மன்றத்தில் ஐந்து பேர். சுபா செயலாளர், பத்மாவும் உறுப்பினர். நான் போய் வந்த பிறகு அவர்களே மனு எழுதிக்கொண்டு போனார்கள். பத்மாவின் பெயரைப் போட்டு, காரணத்தையும் விளக்கமாக எழுதியிருந்தார்கள். அதுவும் நீலப்பூவுக்கு அடியில் போனது. வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த மனுவே பிடிக்கவில்லை. "ஸ்பெஷல் கிளாஸே வேணாம்னு கேட்ல ஒக்காருவோம். பிரேக்காம் பிரேக்கு. ஹெச்.எம்.முக்கு ஜால்ரா" என்று என் மகளைச் சொன்னார்கள். ஸ்டாஃப் ரூமில், "என்ன டீச்சர், பொண்ணு யூனியன் லீடராயிட்டா போல" என்றார்கள். சுபா வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே, "ம்மா, நடு பெஞ்ச் இவ்ளோ வலிக்கும்னு நீ சொல்லவே இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் அவர்கள் மறுபடி மனு கொடுத்தார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலைப் பிரேயரில் தணிகாசலம் சார் மைக்கைப் பிடித்தார். "மாணவர் மன்றம் இன்றோடு கலைக்கப்படுகிறது. எல்லாரும் படிக்கிற வேலையைப் பாருங்கள்" என்றார். பிறகு கல்வி அலுவலகக் கூட்டத்துக்கு விழுப்புரம் கிளம்பிப் போய்விட்டார். வரிசையில் அந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு அவர்கள் இல்லை.

பள்ளிக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. சுபாவின் போன் எங்கள் வீட்டு மேசையில் அடித்துக்கொண்டிருந்தது. நூலகம், மைதானம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் எல்லாம் பார்த்தோம். கதிரவன் சார் பைக்கை எடுத்தார். ரயில் நிலையத்துக்குப் போனோம், ஏரிக்கரைக்குப் போனோம். ஏரிக்கரைக்கு ஏன் போகச் சொன்னேன் என்று கதிரவன் சார் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பத்மாவின் அம்மாவுக்குப் போன் போட எண்ணைத் தேடி எடுத்துவிட்டு, போடாமல் வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது?

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர் போட்டோ கேட்டார். "லவ் மேட்டரா டீச்சர்?"

"அஞ்சு பேர் போயிருக்காங்கம்மா."

"அஞ்சு பேரா? அப்ப லவ் இல்ல, சினிமா. படம் உட்டதும் வந்துடுவாங்க. போட்டோவ அனுப்பி வைங்க, நாங்களும் பாக்கறோம்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் கோபம் வந்தது.

திரும்பி வந்தபோது பள்ளி கேட்டில் விக்னேஷ் நின்றிருந்தான். அந்த ஆண்டு என் வகுப்பில் மன்னராக நடித்தவன். செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

"மிஸ், திட்டக் கூடாது."

"சொல்லுடா."

"அவங்க கூட்டம் போடப் போயிருக்காங்க மிஸ். மன்றத்தக் கலச்சிட்டா எல்லை தாண்டிப் போயி கூட்டம் போடணும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் ராஜாவா இருந்தேன்ல, அதனால என்கிட்ட சொல்லாம போயிட்டாங்க. ஆனா சுபா பேசிக்கினு இருந்தத கேட்டுட்டேன். வேற கவர்மெண்ட் இருக்கற எடமா போவணும், அப்பதான் அது எல்லைன்னு சொன்னா."

எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஏறினால், தமிழ்நாடு முடிந்து வேறு அரசாங்கம் தொடங்கும் முதல் இடம் கோரிமேடு. நான் வராந்தாவை எல்லை என்று வைத்திருந்தேன். அவர்கள் நிஜ எல்லைக்கே போய்விட்டார்கள்.

தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் இருந்தார், எடுத்துவிட்டார். ஐந்து பெயரையும் சொன்னேன். எங்கே இருக்கக்கூடும், ஏன் அப்படி நினைக்கிறேன் என்று பாடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு "சரி" என்றார். வைத்துவிட்டார். அவர் முகம் காகிதத்தைப் பார்த்தபடி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

கதிரவன் சார் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். கிளியனூர் தாண்டியும், எதிரில் வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் யூனிஃபார்ம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். லாரி ஒன்று ஒதுங்காமல் வந்தபோதுகூட நான் பயப்படவில்லை. பயமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. ஒருவேளை அங்கே இல்லை என்றால்? பஸ் மாறி வேறு எங்காவது போயிருந்தால்?

இருந்தார்கள். எல்லையைத் தாண்டிய முதல் நிழற்குடையில், பெஞ்சில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, சுபா எதிரில் நின்று ஒரு தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு ஒரே ஒரு ஆள், வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, விற்கும் அம்மா. பைக் நின்றதும் அவர்தான் முதலில் பேசினார்.

"உங்க பசங்களா டீச்சர்? ரொம்ப நேரமா படிச்சிக்கினே கீதுங்க. நானும் கேட்டுக்கினே கீறேன். ஒரு பிரேக் உட்டா இன்னா கொறஞ்சி பூடும் உங்களுக்கு?"

சுபா என்னைப் பார்த்தாள். "மிஸ்" என்றாள். பள்ளியில் அவள் என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும். பிறகு என் முகத்தில் என்ன கண்டாளோ, "ம்மா" என்றாள். நான் அவளை அடிக்கத்தான் கையை ஓங்கினேன். கை அவள் தோளில் போய் விழுந்து அங்கேயே இருந்துவிட்டது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கதிரவன் சார் அந்தப் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திட்டாத ம்மா. படிச்சு முடிச்சிட்டா கெளம்பிடுவோம். சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்துடலாம்னுதான் இருந்தோம். கல்லு எறியல, கேட்ல ஒக்காரல. நீ சொன்ன மாரிதான் செஞ்சோம்."

"அவங்க வேண்டுகோள யாரும் கேக்கலன்னும் சொன்னேனே."

"இவங்க கேட்டாங்க" என்று மல்லாட்டை அம்மாவைக் காட்டினாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். பத்மாவுக்காகப் பதினைந்து நிமிட இடைவேளை கிடைக்கும்வரை, சிறப்பு வகுப்புக்கு வருவோம், உட்காருவோம், ஆனால் எந்தக் கேள்விக்கும் வாய் திறக்க மாட்டோம் என்று தீர்மானம். கீழே ஐந்து கையெழுத்து.

அப்போதுதான் பத்மாவைக் கவனித்தேன். மடியில் டிபன் பாக்ஸ், மூடி திறக்காமல். பனைமர வரிசைக்குப் பின்னால் வெயில் சிவந்துகொண்டிருந்தது.

"சாப்பிடும்மா. பொழுது எறங்குது பாரு."

"இல்ல மிஸ். பிரேக் கெடச்சாத்தான் சாப்புடுவேன்னு சொல்லிட்டேன்."

"இன்னிக்கு ஸ்கூலே முடிஞ்சிடுச்சும்மா, பிரேக் எங்கேருந்து வரும்?"

"இது என்னோட தீர்மானம் மிஸ்" என்றாள் மெதுவாக. உதடு வறண்டிருந்தது. மற்ற நான்கு பேரும் கெஞ்சிப் பார்த்தார்கள். சுபாவுக்கு அழுகை வரும்போல இருந்தது; இப்படி ஆகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கதிரவன் சார், "நான் பிரேக் விடறேன்மா, நானும் சார்தானே" என்றார். பத்மா சிரித்தாள். ஆனால் மூடியைத் திறக்கவில்லை. பஸ் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இருட்டிவிடும். அந்தப் பிள்ளை மறுபடி காலைவரை பட்டினி. என் மகள் கிடைத்துவிட்டாள் என்று வந்த நிம்மதி, அந்த மூடிய டிபன் பாக்ஸைப் பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

புதுச்சேரி டவுன் பக்கத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவிலிருந்து, தோல் பையை மார்போடு அணைத்தபடி தணிகாசலம் சார் இறங்கினார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. விழுப்புரத்திலிருந்து கூட்டம் முடியும் முன்பே எழுந்து, பஸ் மாறி வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். சுபா தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பனைமரங்களுக்கு மேலே மிச்சமிருந்த வெளிச்சத்தையும் பத்மா கையிலிருந்த மூடிய டிபன் பாக்ஸையும் பார்த்தார். பிறகு, நான் அறிந்தவரை முதல் தடவையாக, தன் முன்னால் நிற்கிற ஒருவரின் முகத்தை நேராக நிமிர்ந்து பார்த்தார்.

"பத்மா, பதினஞ்சு நிமிஷம் பிரேக் விட்டாச்சு" என்றார். "பொழுது போறதுக்குள்ள சாப்டும்மா."